ஸ்டெம் செல்: பணம் யாருடையது, உடம்பு யாருடையது

பிரசவத்துக்குப் பதியப் போனால் துண்டறிக்கை, மூட்டு வலிக்குப் போனால் போஸ்டர், பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்றால் வாட்ஸ்அப் வீடியோ. எண்ணூர் முதல் மூலக்கடை வரை ஸ்டெம் செல், அதாவது உடம்பின் மற்ற செல்களாக மாறக்கூடிய மூலச் செல், என்ற பெயர் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். அதற்கு முன் ஒன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 தேசிய வழிகாட்டுதல்படி ரத்தம் உண்டாக்கும் ஸ்டெம் செல்லை மாற்றுவது, அதாவது நாம் எலும்பு மஜ்ஜை மாற்று என்று சொல்வது மட்டும்தான் நிலைபெற்ற சிகிச்சை. மற்றதெல்லாம் ஆராய்ச்சிக் கணக்கு. குறிப்பிட்ட நோய்க்கென்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பெயர் சொல்லி அனுமதித்த சில செல் மருந்துகள் மட்டும் விலக்கு.

தண்டையார்பேட்டையிலிருந்து: சார், பொண்ணுக்கு இது ஏழாவது மாசம். தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து வச்சா பின்னாடி எந்த வியாதி வந்தாலும் பயமில்லன்னு ஒருத்தர் வீட்டுக்கே வந்து பேசறார். அம்பதாயிரத்துக்கு மேல ஆகுமாம், தவணையும் உண்டாம். கட்டலாமா?

கட்ட வேண்டாம் அம்மா. கொடி ரத்தத்தில் ஸ்டெம் செல் இருப்பது நிஜம்தான், ஆனால் “எந்த வியாதி வந்தாலும்” என்பதே தப்பு. தலசீமியா மாதிரி மரபணுக் கோளாறு என்றால் எடுத்து வைத்த ரத்தத்திலும் அதே கோளாறு இருக்கும். ரத்தப் புற்றுநோய் என்றால், அதன் விதை பிறக்கும்போதே கொடி ரத்தத்தில் இருந்திருக்கலாம் என்பதால் பிள்ளையின் சொந்தக் கொடி ரத்தத்தை மருத்துவர்கள் பெரும்பாலும் தொடமாட்டார்கள். 1988-ல் பாரிஸில் நடந்த உலகின் முதல் கொடி ரத்த மாற்றிலும் தங்கையின் ரத்தம்தான் அண்ணனுக்குப் போனது.

அளவையும் பாருங்கள். கொடியில் கிடைப்பது சுமார் 70 முதல் 100 மில்லி. மாற்றுச் சிகிச்சைக்கு உடல் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 2.5 கோடி செல் தேவை. 60 கிலோ ஆளுக்கு 150 கோடி. பல பைகளில் 100 கோடிகூடத் தேறாது. பிள்ளை வளர வளர அந்தப் பை போதாமல் போகும், ஆண்டுக் கட்டணமோ போய்க்கொண்டே இருக்கும்.

இன்னொன்றை வீட்டுக்கு வருபவர் சொல்லமாட்டார். குழந்தை பிறந்து குறைந்தது ஒரு நிமிடம் கழித்துக் கொடியைக் கிளிப் போட்டால் அந்த ரத்தம் குழந்தைக்கே போய் இரும்புச் சத்து கூடும். பை நிறைய வேண்டும் என்று அவசரப்பட்டால் குழந்தைக்குச் சேர வேண்டியது பைக்குப் போகும். ரத்தசோகை இவ்வளவு இருக்கும் நம் பக்கத்தில் அந்த ஒரு நிமிடம்தான் பெரிய சேமிப்பு.

மூத்த பிள்ளைக்கு மஜ்ஜை மாற்று தேவைப்படும் நோய் ஏற்கெனவே இருந்தால் மட்டும் கதை வேறு. அப்போது ரத்தநோய் மருத்துவரிடம் முன்பே சொல்லி, இளையதின் கொடி ரத்தத்தை அந்தப் பிள்ளைக்கென்றே எடுத்து வைக்கலாம். பால்பல், கொடித் திசு, நஞ்சுக்கொடி ஆகியவற்றைச் சேமிக்க வழிகாட்டுதலில் அனுமதியே இல்லை. அதற்கும் சேர்த்து “பேக்கேஜ்” பேசினால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கொருக்குப்பேட்டையிலிருந்து: பையனுக்கு ஆட்டிசம், அஞ்சு வயசு. மூணு தவணை ஊசி போட்டா பேச்சு வரும்ங்கறாங்க. “இது ட்ரையல், கவர்மென்ட்ல பதிஞ்சது”ன்னு ஒரு நம்பரும் காட்டறாங்க. ஆனா லட்சக்கணக்குல கேக்கறாங்க. நம்பலாமா?

நம்பாதீர்கள். ட்ரையல் என்றால் காசு வாங்கக் கூடாது. ஆராய்ச்சியில் சேர்பவரிடம் அதற்குப் பணம் பிடுங்குவதை அந்த வழிகாட்டுதல் ஏற்கவில்லை. செலவை ஆராய்ச்சி நடத்துபவர்தான் ஏற்க வேண்டும், கெடுதல் நேர்ந்தால் வைத்தியமும் இழப்பீடும் அவர் பொறுப்பு என்று 2019-ன் புதிய மருந்துகள் விதிகள் சொல்கின்றன. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாகக் கொடுப்பதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியமும் 2022-லேயே சொல்லிவிட்டது.

அந்த நம்பரை நீங்களே சோதிக்கலாம். சிடிஆர்ஐ என்ற மத்தியப் பதிவேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. நம்பரில் சிடிஆர்ஐ, ஆண்டு, மாதம், கடைசியில் ஆறு இலக்கம் என்று சாய்கோடு போட்டு வரும். தேடும் பெட்டியில் அதைப் போட்டு, வரும் பக்கத்தை நிதானமாகக் கீழே வரை படியுங்கள். தலைப்பில் உங்கள் பையனின் நோய் இருக்கிறதா? நடக்கும் இடம் என்ற பகுதியில் நீங்கள் போன ஆஸ்பத்திரியும் அந்த டாக்டரும் இருக்கிறார்களா? வயது வரம்பில் அஞ்சு வயசு அடங்குகிறதா? நெறிமுறைக் குழு ஒப்புதலும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதியும் கிடைத்ததாக இருக்கிறதா, அல்லது “பொருந்தாது” என்று இருக்கிறதா? ஆள் சேர்ப்பு முடிந்துவிட்டதா? கடைசியாக, பண உதவி எங்கிருந்து என்று ஒரு கட்டம் உண்டு. அதில் “நோயாளியே” என்ற பொருளில் ஏதாவது இருந்தால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம்.

வேறு ஊர் ஆஸ்பத்திரியின் நம்பர், வேறு நோயின் நம்பர், என்றோ முடிந்துபோன ஆய்வின் நம்பர் என்றெல்லாம் காட்டி ஏமாற்ற முடியும். நம்பர் உண்மையாகவே இருந்தாலும் பதிவு வேறு, அனுமதி வேறு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2015-ல் மூன்று பெண்களுக்கு அவர்கள் வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்லைக் கண்ணுக்குள் ஏற்றினார்கள். அவர்களில் சிலர் அரசுப் பதிவேட்டில் பெயரைப் பார்த்து, ஆராய்ச்சி என்று நம்பி வந்தவர்கள். ஆளுக்கு 5,000 டாலர் வாங்கிக்கொண்டு ஒரே நாளில் இரண்டு கண்ணிலும் போட்டார்கள். மூவரின் பார்வையும் கடுமையாகக் கெட்டது. உண்மையான ஆராய்ச்சியாக இருந்தால் ஒரு கண்ணில் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள்.

அந்தப் பணத்தைப் பேச்சுப் பயிற்சிக்கும் தொழில்சார் பயிற்சிக்கும் போடுங்கள். பையனுக்கு இப்போது தேவை அதுதான்.

காசிமேட்டிலிருந்து: மூட்டுத் தேய்மானத்துக்கு ஸ்டெம் செல் ஊசி?

இரண்டாம், மூன்றாம் நிலைத் தேய்மானத்துக்கு மஜ்ஜையிலிருந்து வளர்த்த ஒரு செல் மருந்துக்கு 2022-ல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. குப்பியில் மருந்தின் பெயர், தயாரிப்பு எண், காலாவதித் தேதி எல்லாம் இருக்கும். உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுற்றித் திரும்பப் போடுவது பிஆர்பி. அதில் இருப்பது தட்டணுக்கள், ஸ்டெம் செல் இல்லை. அதற்கு ஸ்டெம் செல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

ராயபுரத்திலிருந்து: தம்பிக்கு மஜ்ஜை மாத்தணும்ங்கறாங்க அண்ணா. ஸ்டெம் செல்லே பாவம்னு மாதா கோயில்ல ஒருத்தர் சொன்னார். நான் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுங்கள். கத்தோலிக்கத் திருச்சபை எதிர்ப்பது கருவை அழித்து எடுக்கும் செல்லை. வளர்ந்தவர் உடம்பிலிருந்தும் கொடி ரத்தத்திலிருந்தும் எடுப்பதை 2008-ல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தலே ஏற்கிறது. உடன்பிறந்தவர் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. முதலில் எச்எல்ஏ பரிசோதனை செய்யுங்கள். பெரும்பாலும் நாலைந்து நாள் ஊசி போட்டு, பிறகு ரத்ததானம் மாதிரி கையிலிருந்தே பிரித்தெடுப்பார்கள். எலும்பு வலியும் தலைவலியும் ஓரிரு நாள் இருக்கும்.

மண்ணடியிலிருந்து ஒருவர், இஸ்லாத்தில் இது எப்படி என்று கேட்டிருந்தார். உயிர் ஊதப்படுவது 120-ம் நாள் என்று கொள்ளும் இஸ்லாமிய அறிஞர்கள் பலர், குழந்தைப்பேறு சிகிச்சையில் மிஞ்சிய தொடக்கக் கருவை ஆராய்ச்சிக்குத் தருவதை ஏற்கிறார்கள். ஈரானின் ரோயான் நிறுவனம் 2003-லேயே கருவிலிருந்து ஸ்டெம் செல் வரிசையை, அதாவது ஒரே மூலத்திலிருந்து ஆய்வகத்தில் பெருகிக்கொண்டே இருக்கும் செல் கூட்டத்தை, உருவாக்கியது.

வியாசர்பாடி மாணவர்: அமெரிக்காவுல இது தேர்தல் பிரச்சினை ஆனது ஏன் சார்? விஞ்ஞானம்தானே?

வரிப் பணம் கலந்ததால்தான் தம்பி. கருவை அழிக்கும் எந்த ஆய்வுக்கும் மத்திய அரசுப் பணம் கூடாது என்று 1996 முதல் அங்கே தடை உண்டு. அதனால் 1998-ல் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கரு ஸ்டெம் செல்லை முதன்முதலில் வளர்த்தபோது ஜெரான் என்ற தனியார் கம்பெனியின் பணம் தேவைப்பட்டது. பணத்தோடு வணிக உரிமையும் அந்தப் பக்கம் போனது. 2001 ஆகஸ்ட் 9 அன்று அதிபர் புஷ், அன்றுவரை உருவான செல் வரிசைகளுக்கு மட்டும் அரசு நிதி என்றார். அந்தப் பட்டியலில் இருந்த 64-ல் 7 மும்பையின் ரிலையன்ஸ் லைஃப் சயன்சஸ் வைத்திருந்தது, 3 பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையம் வைத்திருந்தது. கடைசியில் ஆய்வாளர் கைக்கு வந்தவை இருபது சொச்சம்தான். புதிய வரிசையில் வேலை செய்ய வேண்டுமென்றால் அரசுப் பணத்தில் வாங்கிய ஃப்ரீசர், மைக்ரோஸ்கோப் எதையும் தொட முடியாது.

கலிஃபோர்னியா மக்கள் 2004-ல் வாக்களித்து, கடன் பத்திரம் மூலம் 300 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2020-ல் மறுபடி 550 கோடி. துணிச்சலான முடிவு. ஆனால் நிதியைப் பங்கிட்ட வாரியத்தில் இருந்தவர்களின் பல்கலைக்கழகங்களுக்கே நிறையப் பணம் போனது, 2012-ல் நிபுணர் குழு அதைக் கண்டித்தது. 2009-ல் ஒபாமா புஷ்ஷின் கட்டுப்பாட்டை நீக்கினார். 1996 தடை மட்டும் நீங்கவில்லை: அரசுப் பணத்தில் புது வரிசையை ஆராயலாம், உருவாக்கக் கூடாது. ஜப்பான் விஞ்ஞானி யமனாகா 2006-ல் நாலு மரபணுவைக் கொண்டு எலியின் சாதாரணத் தோல் செல்லைக் கரு ஸ்டெம் செல் போல மாற்றிக் காட்டிய பிறகு சண்டையின் சூடு தணிந்தது.

பெரம்பூரிலிருந்து: ஐவிஎஃப்ல எங்களுக்குக் குழந்தை பிறந்துடுச்சு. மிச்சம் இருக்கற கருவை ஆராய்ச்சிக்குக் கொடுக்க “சம்மதம்”னு டிக் போடச் சொல்றாங்க.

டிக் போடும் முன் அந்தத் தாளில் எந்த நிறுவனம், எந்த ஆய்வு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். வெறும் “ஆராய்ச்சிக்கு” என்றிருந்தால் கையெழுத்து வேண்டாம். குழந்தைப்பேறு உதவிச் சிகிச்சைக்கான 2021 சட்டப்படி கருவைப் பத்து ஆண்டு வரை உறைய வைக்கலாம். அதன்பின் அழிய விடலாம், அல்லது உங்கள் சம்மதத்தோடு பதிவு பெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தரலாம். விற்பது குற்றம். ஆய்வகத்தில் 14 நாளைத் தாண்டி வளர்க்கக் கூடாது.

சிகிச்சை தருபவரே ஆராய்ச்சிக்கும் கேட்டால் மறுக்க நாக்கு வராது. தென் கொரியாவில் ஹ்வாங் வூ-சுக் என்ற ஸ்டெம் செல் விஞ்ஞானியின் ஆய்வகத்தில் அவருக்குக் கீழே வேலை செய்த பெண்களே சினைமுட்டை கொடுத்தது வெளியே வந்தது. ஆய்வு முடிவும் புனைந்தது என்று தெரிந்து, 2006-ல் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அதனால் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கிறோம் என்று சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

மணலியிலிருந்து: நம்ம நாட்டுல யார் பணத்துல நடக்குது?

உருப்படியானதில் பெரும்பகுதி அரசுப் பணம். வேலூர் சிஎம்சி வளாகத்தில் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை உதவியோடு ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா ஏ நோயாளிகள் ஐந்து பேரின் சொந்த ரத்த ஸ்டெம் செல்லை எடுத்து, குறைபட்டிருந்த மரபணுவின் நல்ல பிரதியைச் சேர்த்துத் திரும்ப ஏற்றினார்கள். கண்காணித்த காலத்தில் ஒருவருக்கும் ரத்தக் கசிவு இல்லை. 2024 டிசம்பரில் முடிவு வெளியானது. ஐந்து பேர்தான், ஆனால் ஐந்து பேரின் கணக்கும் எல்லோரும் பார்க்கும்படி அச்சில் இருக்கிறது. போஸ்டர் ஒட்டும் இடங்கள் காட்டுவது வீடியோ மட்டும்.

திருவொற்றியூரிலிருந்து: சாகப்போறவர் தானே விரும்பி எடுத்துக்கிட்டா அரசுக்கு என்ன நஷ்டம்?

நியாயமான கோபம். இத்தாலியிலும் இப்படித்தான் தெருவுக்கு வந்தார்கள். ஸ்டாமினா என்ற அமைப்பின் செல் வைத்தியத்துக்காக 2013-ல் நாடாளுமன்றமே இறங்கிவந்து சோதனைக்கு 30 லட்சம் யூரோ ஒதுக்கியது. நிபுணர் குழு தயாரிப்பு முறையைப் பார்த்துவிட்டு அறிவியல் அடிப்படையே இல்லை என்றது. பெற்றோர் நம்பிக்கை உண்மையானது, குப்பிக்குள் இருந்தது அப்படியில்லை. ஜப்பான் 2014-ல் நிபந்தனையோடு சீக்கிரம் அனுமதி தரும் சட்டம் கொண்டுவந்தது. அப்படி அனுமதி பெற்ற, இதயத்தில் ஒட்டும் தசைச் செல் படலம் ஒன்று, பலனை நிரூபிக்க முடியாமல் 2024-ல் சந்தையை விட்டுப் போனது. ஒன்பது வருடம் அது விற்பனையில் இருந்தது. விரும்பி எடுத்துக்கொள்பவர் கையில் சரியான தகவலும் இருக்க வேண்டும், கெட்டால் பொறுப்பேற்க ஆளும் இருக்க வேண்டும். ட்ரையல் விதி கேட்பது இந்த இரண்டைத்தான்.

மூலக்கடையிலிருந்து: பொண்ணுக்கு ரெண்டு ஊசி போட்டாச்சு அண்ணா, பணமும் கட்டியாச்சு. இப்ப என்ன பண்றது?

மூன்றாவதை நிறுத்துங்கள். ஆஸ்பத்திரிக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து முழு மருத்துவப் பதிவையும் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. பில், சம்மதப் படிவம், போஸ்டர் படம், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். புகார் மூன்று இடத்துக்கு: டாக்டர் மேல் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு, அனுமதியில்லாத மருந்து என்று நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் உள்ள மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு, பணத்துக்குச் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு. நுகர்வோர் வழக்குக்குக் காலக்கெடு இரண்டு ஆண்டு. கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் தாக்கல் கட்டணம் இல்லை.

அதைவிட அவசரம் பிள்ளை. முதுகுத்தண்டில் ஊசி போட்டிருந்தால், காய்ச்சல், விடாத தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, வலிப்பு இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஸ்டான்லி அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். “இந்தத் தேதியில் முதுகில் ஸ்டெம் செல் ஊசி போட்டோம்” என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் மூளைக் காய்ச்சலைச் சாதாரணக் காய்ச்சல் என்று பார்த்து நேரம் போய்விடும்.