பழைய சின்ன டிஜிட்டல் கேமரா வாங்கும்போது வைஃபை, மெமரி கார்டு, மத்த வசதியில எதைப் பார்க்கணும்?

மெகாபிக்சல், ஜூம் எல்லாம் பார்த்தாச்சு, மிச்சத்துல எதைக் கவனிக்கணும்னு கேட்டிருக்கீங்க, அதுவும் செகண்ட் ஹேண்ட்ல. நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதாங்க, எடுத்த போட்டோ கேமராவுக்குள்ள எங்க போய் உக்காருது, அங்கருந்து உங்க கைக்கு எப்படி வருது, இதைக் கடையிலயே நின்னு பார்த்துட்டு அப்புறமா காசு குடுங்க. நான் பார்க்காம விட்டு பட்டிருக்கேன்.

எங்க அம்மாயிக்கு ஏற்காட்டு மலை மேல இருக்கற சேர்வராயன் கோயிலுக்குப் போகணும்னு ரொம்ப நாள் ஆசை. சேலத்துல பொறந்து வளர்ந்தும் ஏற்காட்டுக்கு மேல அது வரைக்கும் போனதே இல்ல. ஒரு டிசம்பர்ல கூட்டிட்டுப் போனோம். அடிவாரத்துல டீ குடிக்க நிறுத்தினப்பவே கேமராவை எடுத்து நாலு போட்டோ எடுத்துட்டேன், அப்புறம்தான் கார்டு போடவே இல்லன்னு ஞாபகம் வந்து, பையில கிடந்த 64 ஜிபி கார்டைப் போட்டேன். அது ஊர்ல ஒரு கடையில பாதி விலைக்குக் கிடைச்சுதுன்னு வாங்குனது, மச்சான் கல்யாண வீடியோ ஏற்கனவே அதுல நிறைய கிடந்துச்சு. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏரி, லேடீஸ் சீட், கோயில் குகைக்குள்ள அம்மாயி குனிஞ்சு போறது, சாமி கும்பிட்டுட்டு திருநீறோட வெளிய வந்து நின்னது, எல்லாம் எடுத்தேன், எடுத்த உடனே ஸ்கிரீன்ல நல்லாவேதான் தெரிஞ்சுது.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டா கல்யாண வீடியோ ஓடுது, ஏற்காடு போட்டோ ஒண்ணுகூட தொறக்கல. பேர் இருக்கு, சைஸ் இருக்கு, உள்ள படம் மட்டும் இல்ல. ரெகவரி சாப்ட்வேர் போட்டுப் பார்த்தேன், ஒண்ணும் வரல. ஏன்னா அது டூப்ளிகேட் கார்டு, உள்ள நிஜமா இருந்தது 8 ஜிபி, 64னு பொய் சொல்ற மாதிரி செட் பண்ணி வச்சிருக்காங்க. 8 ரொம்பினதுக்கு அப்புறம் எழுதுறது எதுவும் நிக்காது, ஆனா கேமரா எழுதியாச்சுன்னே நம்பிக்கிட்டு இருக்கும். எழுதவே இல்லாததை எந்த சாப்ட்வேர் மீட்கும் சொல்லுங்க?

அதனால கார்டு எங்க வாங்கினாலும் முதல்ல டெஸ்ட் பண்ணுங்க. விண்டோஸ்ல ஹெச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), லினக்ஸ்ல எஃப்3 (F3)னு சாப்ட்வேர் இருக்கு, ரெண்டும் இலவசம், கார்டு முழுக்க எழுதி திரும்பப் படிச்சு உண்மையான அளவைச் சொல்லிடும். பெரிய கார்டுன்னா நேரம் எடுக்கும், பரவால்ல, விட்டுட்டு வேற வேலையப் பாருங்க.

அடுத்தது உங்க கேமரா எந்த கார்டை எடுக்கும்ங்கறது. கேமராவுல வெறும் எஸ்டின்னு (SD) போட்டிருந்தா 2 ஜிபி கார்டு வரைக்கும்தான், எஸ்டிஹெச்சின்னா (SDHC) 32 வரைக்கும், அதுக்கு மேலன்னா எஸ்டிஎக்ஸ்சி (SDXC). எஸ்டிஹெச்சி வந்ததே 2006லதான், அதுக்கு முந்துன கேமராவுல 32 ஜிபி கார்டைச் சொருகினா கார்டு எரர்னுதான் காட்டும், கேமராவுல கோளாறுன்னு நினைச்சுக்காதீங்க. பழைய ஒலிம்பஸ், ஃபுஜில எக்ஸ்டி (xD) கார்டு, பழைய சோனில மெமரி ஸ்டிக், அதெல்லாம் இப்ப தேடி அலையணும், கார்டும் கூடவே குடுத்தா மட்டும் வாங்குங்க. கார்டு ஓரத்துல சின்ன லாக் இருக்கும், அது கீழ இறங்கியிருந்தா போட்டோவே எடுக்காது, இதுக்கே பலபேர் ரிப்பேர் கடைக்கு ஓடுறாங்க.

வைஃபைக்காக மட்டும் அதிகம் குடுக்காதீங்க, இது என் கருத்து. கேனான் இக்ஸஸ் 185, 190 ரெண்டும் 2017ல ஒண்ணா வந்தது, 190ல வைஃபை இருக்கு, 185ல இல்ல. கேமராவே ஒரு ஹாட்ஸ்பாட் மாதிரி போடும், போன் அதுல சேரும், டவரே இல்லாத மலையிலயும் வேலை செய்யும், அது நல்லதுதான். ஆனா இதுல இன்டர்நெட் இல்லன்னு சொல்லி போன் பாதியில மொபைல் டேட்டாவுக்குத் தாவிடும், பழைய மாடலுக்கு ஆப் அப்டேட் நின்னு போச்சுன்னா அதுவும் இல்ல. ஒரு டைப்-சி கார்டு ரீடர் வாங்கிட்டா போன்ல நேரா சொருகி எடுத்துக்கலாம். கேபிள் விஷயம் மட்டும் பாருங்க, சிலதுல சாதா மினி யுஎஸ்பி, எங்கயும் கிடைக்கும், சில நிக்கான் கூல்பிக்ஸ்ல 8 பின் வச்ச தனி கேபிள், அது இல்லாம வாங்காதீங்க.

மத்தபடி மஞ்சள் பின் வச்ச டிவி கேபிள், பிரிண்டர்ல நேரா போடுற பிக்ட்பிரிட்ஜ் எல்லாம் இருந்தா இருக்கட்டும். டேட் ஸ்டாம்ப் ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணிடுங்க, தேதி படத்து மேலயே அச்சாயிடும், அப்புறம் எடுக்க முடியாது. ஏற்காட்டுப் பனியில ஃப்ளாஷ் போடாதீங்க, பனித்துளியில பட்டுத் திரும்பி வெள்ளை வெள்ளையா புள்ளி விழும்.

முக்கியமா ஒண்ணு. அம்மாயி தவறி ஒரு வருசம் கழிச்சு, கேமராவை வித்துரலாம்னு கார்டைக் கழட்டிட்டு ஆன் பண்ணேன். அடிவாரத்துல எடுத்த அந்த நாலு போட்டோவும் ஸ்கிரீன்ல நிக்குது! மடியில சாப்பாட்டுப் போசியை வச்சுக்கிட்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கிட்டு அம்மாயி. சில கேமராவுக்குள்ளயே சில பத்து எம்பி இருக்குங்க, நாலஞ்சு போட்டோ புடிக்கும், கார்டு உள்ள இருக்கற வரைக்கும் அது வெளிய தெரியாது. நல்ல கார்டு ஒண்ணு போட்டு மெனுல காப்பின்னு குடுத்து எடுத்துக்கிட்டேன், கேமராவை விக்கவும் இல்ல. பழைய கேமரா யார் வீட்ல கிடந்தாலும் கார்டைக் கழட்டிட்டு ஒரு தடவை ஆன் பண்ணிப் பாருங்க. வாங்கின கேமராவுல வித்தவங்க படம் இருந்தா அவங்களுக்கு அனுப்பிட்டு அழிச்சிடுங்க.

கடைக்குப் போறப்போ டெஸ்ட் பண்ணின 2 ஜிபி ஒண்ணு, 32 ஜிபி ஒண்ணு கையோட கொண்டு போங்க. எந்த மாடல் பார்த்து வச்சிருக்கீங்கன்னு கமெண்ட்ல போட்டீங்கன்னா எந்த கார்டு, எந்த கேபிள்னு பார்த்துச் சொல்றேன்.