கொப்புளம் முதல் தாழ்ப்பாள் வரை: நடைப்பயணக் கேள்விகள்

கேள்வி: ஏரிகளைக் காக்கக் கோரி நாங்கள் நாற்பது பேர் திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்கு நடக்கப்போகிறோம். ஐந்து நாளில் போய்விடலாம் என்கிறார்கள் நண்பர்கள். முடியுமா அம்மா?
– கல்லூரி மாணவி, பெரம்பூர்

வேண்டாம் கண்ணு, எட்டு நாளாக வைத்துக்கொள்ளுங்கள். தூரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். ஐந்து நாள் என்றால் தினமும் 30. முதல் நாள் உற்சாகத்தில் எல்லோரும் நடந்துவிடுவார்கள். மறுநாள் காலையில்தான் பாதிப் பேருக்குக் காலை ஊன்ற முடியாது. 1930-இல் உப்புச் சத்தியாகிரகத்துக்காக ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் போன தொண்டர்கள் சுமார் 240 கிலோமீட்டரை ஏப்ரல் 13 முதல் 28 வரை நடந்தார்கள். நாளுக்கு 15 கிலோமீட்டர்தான் வருகிறது. அவர்களுக்கும் அவசரம் இருந்தது.

நான் இளவயதில் ஒரு நடைப்பயணத்தில் சமையல் வண்டியோடு போனவள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். நாலு மணிக்கு எழுந்து ஐந்துக்கெல்லாம் சாலையில் இருக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் ஓர் அடி கூட வேண்டாம். கோவளம் தாண்டினால் நிழலே இல்லாத நீளமான பகுதிகள் உண்டு. மாலை நாலரைக்கு மறுபடி கிளம்பி, இருட்டுவதற்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள். மெதுவாக நடப்பவரை வரிசையின் முன்னால் விடுங்கள். பின்னால் விட்டால் அவர் நாள் முழுக்க ஓடிப் பிடித்துக்கொண்டே இருப்பார், மூன்றாம் நாள் ஊருக்குத் திரும்பிவிடுவார்.

பயணத்துக்கென்று புதுச் செருப்பு வாங்காதீர்கள். பழகிய செருப்பு, பருத்தி காலுறை, இரவில் விரல் இடுக்கில் தேங்காய் எண்ணெய், அவ்வளவுதான். கொப்புளம் வந்தால் பிய்க்கக் கூடாது, கழுவிச் சுத்தமான துணியால் கட்டுங்கள். காலைக்குக் கஞ்சியும் ஊறுகாயும், வழியில் உப்புப் போட்ட நீர்மோர், மதியத்துக்குப் புளிசாதம். சாம்பார் சாதம் ஊசிப்போகும். வெயிலில் போகும் வண்டியில் அதை ஏற்றவே ஏற்றாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், முந்தின நாளே போய் இடம் பார்க்கிறவர்கள். கல்யாண மண்டபமோ பள்ளிக்கூடமோ, கூடத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வருவதில் பயனில்லை. குழாயில் தண்ணீர் வருகிறதா, பெண்கள் கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, அங்கே விளக்கு எரிகிறதா என்று கையால் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். எங்கள் பயணத்தில் ஓர் ஊரில் தாழ்ப்பாள் இல்லை. பெண்கள் இரவு முழுக்க ஒருவருக்கொருவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றோம். விடிந்ததும் நடக்கத் தெம்பே இல்லை. இடம் பார்க்கப் போகும் குழுவில் கட்டாயம் ஒரு பெண் இருக்கட்டும்.

கேள்வி: வேதாரண்யம் யாத்திரைக்கு உணவு தருபவர்களைத் தண்டிப்போம் என்று ஆங்கில அரசு மிரட்டியதாமே? பிறகு எப்படிச் சாப்பிட்டார்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாப்பூர்

உண்மைதான் ஐயா. தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் அப்படி ஓர் உத்தரவு போட்டார். சோறோ இடமோ கொடுத்தால் சிறை, அபராதம். ஜனங்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். யார் கட்டியது என்று போலீஸ் யாரைப் பிடிக்கும்? அந்த யாத்திரையைப் பற்றிப் பேசும்போது உப்பு அள்ளியவர்களைத்தான் சொல்கிறோம். விடிவதற்கு முன் எழுந்து சோறு வடித்துக் கட்டிய அந்த வீட்டுப் பெண்களின் பெயர் எதிலும் இல்லை. எனக்கு அது ஆறாத வருத்தம்.

கேள்வி: வயதான பெண்கள் இதிலெல்லாம் கலந்துகொள்ள முடியுமா?
– இல்லத்தரசி, வியாசர்பாடி

1938-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியிலிருந்து ஒரு படை நடந்தே சென்னைக்கு வந்தது. ஆகஸ்ட் 1-இல் புறப்பட்டு செப்டம்பர் 11-இல் வந்து சேர்ந்தார்கள். அதில் நடந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாருக்கு அப்போது 55 வயது. நீங்கள் தாராளமாகப் போகலாம். இரத்த அழுத்த மாத்திரையை மட்டும் மூட்டையில் அனுப்பாமல் இடுப்புப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நடைப்பயணத்தால் போக்குவரத்து பாதிக்கப்பட்டு, வேலைக்குப் போகிறவர்கள்தானே அவதிப்படுகிறார்கள்?
– வாசகர், தாம்பரம்

அவதி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நடக்கிறவர்கள் அதை நினைப்பதே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். 2018 மார்ச்சில் நாசிக்கிலிருந்து ஏறக்குறைய 180 கிலோமீட்டர் நடந்து மும்பை வந்த விவசாயிகளை நினைத்துப் பாருங்கள். மறுநாள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேர்வு. காலையில் ஊர்வலம் போனால் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள் என்று, அன்று பகல் முழுக்க நடந்து களைத்தவர்கள் ஓய்வை விட்டுவிட்டு, இரவோடு இரவாக ஆசாத் மைதானத்துக்கு நடந்துபோய்விட்டார்கள். பலருக்குச் செருப்பே இல்லை, பாதம் வெடித்திருந்தது.

கேள்வி: என் மகளும் அந்தப் புதுச்சேரிப் பயணத்துக்குப் போகிறேன் என்கிறாள். அனுப்பலாமா?
– ஒரு தாய், அயனாவரம்

அனுப்புங்கள். அதற்கு முன், ஒவ்வோர் இரவும் எந்த ஊரில் எந்தக் கட்டடத்தில் தங்குகிறார்கள், அந்த இடத்தை நேரில் போய்ப் பார்த்தவர் யார் என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிக் கொடுத்தால் சரி. ‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று பதில் வந்தால், பயணத்தை ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.