ஏழரை மணி நேரம்

(ஸ்வான்சீ நகரில் இருபத்திரண்டு ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதனால் வேல்ஸ் கடலோரம் பற்றி வந்த கடிதங்களை ஆசிரியர் என் தலையில் கட்டிவிட்டார்.)

கேள்வி: ஆகஸ்டில் ஒரு வாரம் டென்பியில் வீடு எடுத்துத் தங்கப்போகிறோம். நான், கணவர், 11 வயது மகன், 70 வயது மாமியார். மணலில் உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு என்ன செய்யலாம்? (வாசகி, லெஸ்டர்)

போய் இறங்கியதும் முதல் வேலையாக ஓத அட்டவணை (கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியல்) ஒன்று வாங்குங்கள், அம்மா. கடலோரக் கடைகளில் கையடக்கப் புத்தகமாகவே விற்கிறார்கள். அங்கே மழையைவிட ஓதம்தான் உங்கள் நாளைத் தீர்மானிக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் டென்பியில் கடல் ஏழு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். காலையில் துறைமுகத்தில் மிதந்த படகுகள் மதியம் மணலில் சாய்ந்து கிடக்கும். எதிரே இருக்கும் செயின்ட் கேதரின் தீவுக்கு அப்போது நடந்தே போகலாம். இந்த நேரம் நாளுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் நேற்றைய கணக்கு இன்றைக்கு உதவாது.

ஒரு நாளை கவர் தீபகற்பத்தின் ரோசிலிக்கு ஒதுக்குங்கள். மூன்று மைல் நீளக் கடற்கரை. 1887இல் கரைதட்டிய ‘ஹெல்வீஷியா’ என்ற நார்வே கப்பலின் மர விலா எலும்புகள் நீர் வற்றும்போது மணலில் தெரியும். உங்கள் மகனுக்கு அது போதும். கடற்கரைக்கு இறங்கும் வழி செங்குத்து, மாமியாருக்கு வேண்டாம். குன்றின் மேலேயே பழைய கண்காணிப்புக் கூடம் வரை நல்ல பாதை இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் வார்ம்ஸ் ஹெட் என்ற பாறைத் தீவு கடலுக்குள் படுத்த நாகம் போலவே இருக்கும். ‘வார்ம்’ என்பது இங்கே புழு அல்ல, நாகத்தைக் குறித்த பழைய சொல்.

அந்த நாகத்தின் முதுகுக்குப் போகப் பாறைவழி ஒன்று உண்டு. கடல் முழுதாக வற்றும் நேரத்துக்கு முன் இரண்டரை மணி, பின் இரண்டரை மணி, அவ்வளவுதான் அது திறந்திருக்கும். நானும் கணவரும் ஒரு ஜூன் மாதம் போனோம். திரும்பும் நேரத்தில், “பிளாஸ்கில் தேநீர் மிச்சமிருக்கிறது, பத்து நிமிடம்” என்றார் அவர். குடித்து முடித்து வந்தால் பாறைகளுக்கு மேல் தண்ணீர் சுழித்து ஓடுகிறது. “முழங்கால் அளவுதானே, கடந்துவிடலாம்” என்றார். அப்படிக் கடக்கப் போய் உயிரை விட்டவர்கள் உண்டு. கையைப் பிடித்து உட்கார வைத்தேன். மீண்டும் வழி திறந்தபோது இரவு ஒன்பது மணி. ஜூன் என்பதால் வெளிச்சம் இருந்தது. கணக்குப் பார்த்தால் ஏழரை மணி நேரம். சனீஸ்வரனுக்கு எங்கள் முகவரி தெரியாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

மாமியார் கால் நனைக்க ஆசைப்பட்டால் டென்பியின் தெற்குக் கடற்கரையில் தாராளமாக நனைக்கலாம். ஆகஸ்டிலும் தண்ணீர் 16, 17 டிகிரிதான் என்பதை முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். குளிப்பவர்கள் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே மட்டும். காற்று கடல் பக்கம் இழுக்கும் என்று எச்சரிக்கும் ஆரஞ்சு நிறக் காற்றுப்பை பறந்தால் மகனின் மிதவைப் படுக்கை காரிலேயே இருக்கட்டும்.

கேள்வி: அதே ஆகஸ்டில் ஸ்கோமர் தீவில் பஃபின் பறவைகளைப் பார்க்க முடியுமா? (அதே வாசகி)

முடியாது. ஜூலை கடைசியில் அவை கடலுக்குக் கிளம்பிவிடும். மே, ஜூனில் மார்ட்டின்ஸ் ஹேவனிலிருந்து படகு ஏறினால் காலடியிலேயே நடமாடும். டிக்கெட்டை முன்பே வாங்க வேண்டும்; விடுமுறைத் திங்கள் தவிர மற்றத் திங்கட்கிழமைகளில் படகு கிடையாது. ஆகஸ்ட் இறுதியில் போனால் சாம்பல் நிறக் கடல்நாய்கள் குட்டி போடத் தொடங்கியிருக்கும். தூரத்திலிருந்து பாருங்கள். ஆள் நெருங்கினால் தாய் குட்டியை விட்டுவிட்டுப் போய்விடும்.

கேள்வி: 16 வயது மகள் ‘கோஸ்டியரிங்’ போக வேண்டும் என்கிறாள். நீச்சல் தெரியாத நானும் கூடப் போகலாமா? (வாசகர், ரெடிங்)

பாறையோரமாக ஏறி, நீந்தி, குதித்து, மீண்டும் ஏறும் விளையாட்டு அது. 1980களில் பெம்ப்ரோக்‌ஷயரில் வளர்ந்தது. குளிர்தாங்கும் ரப்பர் உடை, தலைக்கவசம், மிதவைச் சட்டை எல்லாம் அதை நடத்துபவர்களே தருவார்கள். தூக்கி எறியத் தயங்காத பழைய ஷூ உங்களுடையது. மிதவைச் சட்டை உங்களை மூழ்க விடாது. ஆனால் முகத்தில் அலை அடித்தால் பதறுகிற ஆளா நீங்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். நீச்சல் தெரியாது என்பதைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். சேர்த்துக்கொள்வதா என்று அவர்கள் முடிவு செய்யட்டும். குதித்தே ஆக வேண்டும் என்று யாரும் பிடித்துத் தள்ள மாட்டார்கள். வழிகாட்டி இல்லாமல் மட்டும் போகாதீர்கள். காலையில் ஆழமாக இருந்த இடத்தில் மதியம் பாறை இருக்கும்.

நீங்கள் கரையிலேயே நிற்க முடிவு செய்தால், கோஸ்டியரிங் நடக்கும் அபெரெய்டியில் அவளை விட்டுவிட்டு போர்த்கெய்ன் வரை குன்றோரப் பாதையில் நடந்து வாருங்கள். இரண்டு மைல்தான். அபெரெய்டியின் நீலக் குளம் பழைய கற்பலகைக் குவாரி. வேலை நின்ற பிறகு பாறையை உடைத்துக் கடலை உள்ளே விட்டார்கள். அந்தப் பச்சை நீலத்தைப் பார்த்தபின் நீங்களும் பெயர் கொடுத்தால் நான் பொறுப்பல்ல.

கேள்வி: வேல்ஸ் கடலோரப் பாதை முழுவதையும் இரண்டு வார விடுமுறையில் நடந்துவிடலாமா? (வாசகர், குரோய்டன்)

870 மைல், தம்பி. நாளுக்கு அறுபது மைலுக்கு மேல் வருகிறது. 1970இல் திறந்த பெம்ப்ரோக்‌ஷயர் பகுதி மட்டும் 186 மைல். இரண்டு வாரத்துக்கு அதுவே சரி. அறை ஒரே இடத்தில் என்றால் காலையில் கடலோரப் பேருந்தில் தொலைவுக்குப் போய் இறங்கி, அறையை நோக்கி நடந்து வாருங்கள். கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓட வேண்டியிராது. ஊருக்கு வெளியே, பாதுகாப்பான இடமாகப் பார்த்துக் கை காட்டினாலே பேருந்தை நிறுத்துவார்கள்.

கேள்வி: குடை எடுத்துப் போகலாமா? (பெயர் எழுத மறந்த வாசகி)

அங்கே மழை பக்கவாட்டில் பெய்யும். குடை வேண்டாம்.