2012 இன்னோவாவுக்கு மாறலாமா?

வணக்கம். மூன்று வருட இ.எம்.ஐ. பாக்கியுள்ள 2021 காரை விற்றுவிட்டு, கடனில்லாமல் 2012 டீசல் இன்னோவா வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வீட்டில் ஆறு பேர், தவணை கட்டத் திணறுகிறீர்கள் என்றால் மாறுங்கள் என்றே சொல்வேன். ஆனால் கடனை இப்போதே அடைக்க எவ்வளவு ஆகும் என்று முதலில் வங்கியிடம் எழுத்தில் வாங்குங்கள். கார் அதைவிடக் குறைவாக விலைபோனால் மீதியைக் கையிலிருந்து போட வேண்டும், கணக்கே மாறிவிடும்.

அந்த 2.5 லிட்டர் எஞ்சின் நன்றாக உழைக்கும். ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் மீட்டரை நம்பாமல் சர்வீஸ் பில்களைக் கேளுங்கள். முக்கியமாக, எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட். மாற்றியதற்கு பில் இல்லையா, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். ஓடும்போது அறுந்தால் எஞ்சினுக்கே பெரிய வேலை வந்துவிடும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்து புகையைப் பாருங்கள். வண்டியைத் தூக்கி, அடியில் சேஸிஸ் துருப்பிடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கடலோர ஊர் வண்டி என்றால் இதைத் தவறவே விடாதீர்கள்.

பலரும் மறப்பது ஆர்.சி.யை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழை. சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருடம்தான். 2012 வண்டிக்கு 2027-இல் முடிகிறது. அப்புறம் தகுதிச் சோதனை, பசுமை வரி, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு. இதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம்.

இன்சூரன்ஸில் கிளைம் எடுக்காமல் இருந்ததற்குக் கிடைக்கும் தள்ளுபடியான உங்கள் நோ கிளைம் போனஸையும் விட்டுவிடாதீர்கள். அது உங்களுக்கு உரியது, வாங்கும் வண்டியின் பாலிசிக்கு மாற்றிக்கொள்ளலாம்.