ஜவுளிக்கடைப் பாதுகாப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நெல்லைச் சீமையின் ஜவுளிக்கடை உரிமையாளர்களும் பணியாளர்களும் அனுப்பியுள்ள கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். பெரும்பாலானவை திருட்டைப் பற்றியவை. தீயையும் வெள்ளத்தையும் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. ஆனால் துணி நிறைந்த கட்டடத்தில் இவற்றைத் தனித்தனியே திட்டமிட முடியாது. திருட்டைத் தடுக்கச் செய்த ஏற்பாடே தீ விபத்தில் உயிருக்கு உலையாகும் நிலை பல கடைகளில் இருப்பதால், அதைத் தொடும் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் கடை இரண்டு மாடி கொண்டது. பின்புற மாடிப்படி வழியாகச் சரக்கு வெளியே போவதைக் கண்டுபிடித்த பிறகு, வியாபார நேரத்திலும் அந்தக் கதவைப் பூட்டிச் சாவியைக் கல்லாவில் வைத்திருக்கிறோம். இது சரிதானா?
– கடை உரிமையாளர், அம்பாசமுத்திரம்

சரியில்லை, இன்றைக்கே மாற்றிவிடுங்கள். துணிக்கடையில் நெருப்பு நெருங்குவதற்கு முன்பே புகை ஆளை வீழ்த்திவிடும். பருத்திப் பேல் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும். பாலியஸ்டர் துணியோ உருகிச் சொட்டிக் கரும்புகையைக் கக்கும். தரைத்தளத்தில் தீப்பிடித்தால் முன்புற மாடிப்படி புகைபோக்கியைப் போலப் புகையை மேலே இழுத்துவிடும் என்பதால், மாடியில் சேலை பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பின்புறப் படி ஒன்றே வழி. அதன் சாவி, அவர்கள் போக முடியாத தரைத்தளக் கல்லாவில் இருந்து என்ன பயன்?

2017 மே 31 அன்று சென்னை தியாகராய நகரில் பல மாடி ஜவுளிக்கடை ஒன்று தீப்பிடித்ததும், அணைக்க நீண்ட நேரம் ஆனதும், கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்து, பின்னர் எஞ்சியதையும் இடிக்க நேர்ந்ததும் நினைவிருக்கும். அது கடை திறப்பதற்கு முந்தைய அதிகாலை நேரம். அதுவே ஐப்பசி மாதத்து மாலையாக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை ஒவ்வொரு உரிமையாளரும் தம் கடைப் படிக்கட்டில் நின்று ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

உங்கள் கவலைக்கும் தீர்வு உண்டு. உள்ளிருந்து குறுக்குக் கம்பியை அழுத்தினால் சாவியின்றித் திறப்பதும், வெளியிலிருந்து திறக்க முடியாததுமான பூட்டு சந்தையில் கிடைக்கிறது. கதவு திறந்த உடனே கல்லாவில் ஒலிக்கும் அலாரம் ஒன்றையும், படியின் அடியில் கேமரா ஒன்றையும் வைத்துவிட்டால், அந்த வழியாகச் சரக்கைக் கடத்த எவரும் துணியமாட்டார்கள். கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும்; படிகளில் பேல்களோ அட்டைப்பெட்டிகளோ ஒன்றுகூட இருக்கக் கூடாது; மின்சாரம் போனாலும் எரியும் அவசர விளக்கு படியில் இருக்க வேண்டும். முன்புற ஷட்டர் மோட்டாரில் இயங்குவதானால், மின்சாரமின்றிக் கையால் தூக்கும் சங்கிலி வேலை செய்கிறதா என்று மாதம் ஒருமுறை இயக்கிப் பாருங்கள்.

கேளாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பண்டிகைக் காலத்தில் பணியாளர்களைக் கடைக்குள் படுக்கவைத்து வெளியே பூட்டிச் செல்லும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. எந்தச் சரக்கைக் காப்பதற்காகவும் இதைச் செய்யாதீர்கள்.

எந்தத் தீயணைப்பான் வாங்க வேண்டும்?
– ஆயத்த ஆடைக் கடை, வள்ளியூர்

பொதுவான இடங்களுக்கு ஏ.பி.சி. பவுடர் வகையும், மின்பலகை, ஜெனரேட்டர் அருகே கார்பன் டை ஆக்சைடு வகையும் பொருந்தும். கடையின் எந்த மூலையில் நின்றாலும் 15 மீட்டர் நடப்பதற்குள் ஒன்று கைக்கு எட்ட வேண்டும். பவுடர் வகையில் அளவுமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று மாதந்தோறும் பாருங்கள். வாங்கி மாட்டிவிட்டு, இயக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத கடைகளே மிகுதி. பணியாளர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் கையில் பிடித்து இயக்கிப் பழகட்டும்.

தீபாவளிக் கூட்டத்திலும் ஆனித் தேரோட்ட நாட்களிலும் சேலைகள் காணாமல் போகின்றன. சந்தேகப்படுபவர்களைத் தனி அறைக்கு அழைத்துப் பையைச் சோதிக்கலாமா?
– கடை மேலாளர், திருநெல்வேலி டவுன்

கூடாது. காவலாளிக்கோ மேலாளருக்கோ ஒருவருடைய பையையோ உடலையோ வலிந்து சோதிக்கும் அதிகாரம் கிடையாது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு, தம் கண்முன்னே ஜாமீனில் விடத்தகாத, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் செய்பவரைத் தனிநபர் பிடித்து வைக்க இடமளிக்கிறது. அப்போதும் தேவையற்ற தாமதமின்றி, 6 மணி நேரத்துக்குள் காவல் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். வெறும் சந்தேகம் இதற்குப் போதாது. சந்தேகத்தின் பேரில் ஒருவரை அறையில் அடைத்து வைத்தால், தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 127ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் உங்கள் மீதே வந்து சேரும். குற்றமற்ற பெண்ணொருத்தி கூட்டத்தின் நடுவே தலைகுனிய நேர்ந்தால், அந்தக் காயத்தை எந்த மன்னிப்பும் ஆற்றாது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

ஒருவர் எடுத்து மறைத்ததைக் கண்ணால் கண்டு, இடையில் அவரைப் பார்வையிலிருந்து விடாமலும் இருந்தால் மட்டுமே அணுகுங்கள். பெண்ணாக இருந்தால் பெண் பணியாளர் முன்னிலையில், "இதற்குப் பில் போட்டாகிவிட்டதா?" என்று மரியாதையாகக் கேளுங்கள், மறுத்தால் 112க்கு அழைத்துவிட்டுக் கேமராப் பதிவை எடுத்து வையுங்கள். கை நீட்டுவதும், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் பரப்புவதும் அறவே கூடாது.

உண்மையில் இந்த இழப்பைத் தடுக்கும் இடம் விற்பனைப் பலகைதான். விரித்த சேலைகளை மடித்து அடுக்காமலே அடுத்த சேலைக் கட்டை இறக்கும்போதுதான் எண்ணிக்கை தவறுகிறது. ஒருவருக்கு ஒரே வேளையில் இத்தனை சேலைதான் விரிப்பது என்று வரையறுத்து, எடுத்துக் கொடுக்கவும் மடித்து எண்ணவும் இரண்டு பேரை நிறுத்துங்கள். பில் போடும் இடத்தையும் பொருள் கொடுக்கும் இடத்தையும் பிரித்து, பில்லைச் சரிபார்த்துக் கொடுக்கும் பொறுப்பை ஒருவரிடமே விடுங்கள். பார்வையை மறைக்கும் பொம்மைகளையும் உயரமான ரேக்குகளையும் சுவரோரம் தள்ளுங்கள்.

உடை மாற்றும் அறைக்குள் துணிகள் களவு போவதால், அதன் வாசலில் கேமரா வைக்கச் சொல்கிறார் முதலாளி. பெண் பணியாளர்களாகிய எங்களுக்குத் தயக்கமாக இருக்கிறது.
– விற்பனைப் பணியாளர், பாளையங்கோட்டை

உங்கள் தயக்கம் நியாயமானது. முதலாளியிடம் துணிந்து சொல்லுங்கள். கதவு திறக்கும்போது உட்புறம் தெரியும் கோணத்தில்கூடக் கேமரா இருக்கக் கூடாது. பெண்ணொருவரின் அந்தரங்கச் செயலைப் பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்படி, முதல் முறையே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். உள்ளே எடுத்துச் செல்லும் உடைகளுக்கு எண்ணிட்ட டோக்கன் கொடுத்து, வெளியே வரும்போது எண்ணி வாங்க வாசலில் பெண் பணியாளர் ஒருவர் இருந்தாலே போதும். தினமும் கடை திறக்கும்முன் அவரே கண்ணாடியின் பின்புறம், கொக்கிகள், பொய்க்கூரை, சுவர்த்துளைகள் அனைத்தையும் பார்த்துவிட வேண்டும்.

2023 வெள்ளத்தில் கீழ்த்தளக் கிட்டங்கி முழுகியது. இனி எப்படித் திட்டமிடுவது?
– மொத்த வியாபாரி, திருநெல்வேலி சந்திப்பு

அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பெய்ததையும், தாமிரபரணி கரை மீறி ஊருக்குள் வந்ததையும் மறக்க முடியாது. பொங்கல் சரக்கு இறங்கும் மார்கழியும் வடகிழக்குப் பருவமழையின் கடைசிப் பகுதியும் நம் பக்கத்தில் ஒன்றாகவே வருகின்றன. ஆகவே ஐப்பசி முதல் மார்கழி வரை கீழ்த்தளத்தில் பட்டும் ஜரிகையும் வைக்காதீர்கள். துவைத்தால் தேறும் ரகங்கள் மட்டும் அங்கே இருக்கட்டும். மின்பலகை, கேமராப் பதிவுக் கருவி, கணக்குக் கணினி மூன்றையும் அந்த வெள்ளத்தின் நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுபோய்விடுங்கள். நீர் வடிந்ததும் எலக்ட்ரீஷியன் சோதிக்காமல் மெயின் சுவிட்சைத் தொட வேண்டாம்.

தீக் காப்பீடு எடுத்திருக்கிறேன். திருட்டுக்கும் அது போதுமா?
– கடை உரிமையாளர், சங்கரன்கோவில்

போதாது. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள, சிறு நிறுவனங்களுக்கான தீக் காப்பீடான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசி, 5 கோடி ரூபாய் வரையிலான சொத்துக்குத் தீ, வெள்ளம் போன்றவற்றை ஈடுசெய்யும். அத்தகைய பேரிடரைத் தொடர்ந்து 7 நாட்களுக்குள் நடக்கும் திருட்டையும் சேர்த்துக்கொள்ளும். பூட்டை உடைத்துச் செய்யும் திருட்டுக்குத் தனியே பாலிசி வேண்டும். வியாபார நேரத்தில் கூட்டத்தில் போகும் சேலைகளை அதுவும் பெரும்பாலும் ஏற்காது. சரக்கு இருப்புக் கணக்கின் நகலைக் கடைக்கு வெளியே வைத்திருங்கள். கணக்கும் சரக்கோடு எரிந்தோ நனைந்தோ போனால், இழப்பின் அளவை மெய்ப்பிப்பது மிகவும் கடினம்.