கடையின் பெயரையும் சொன்ன பையன்

கேள்வி: என் கணவர் கேரளக் காவல்துறையில் ஹெட் கான்ஸ்டபிளாக இருந்து ஓய்வு பெற்றவர். குண்டு வைத்தவன் பிடிபட்டால், ஆயிரம் உயிரைக் காக்க அவனை அடித்துக் கேட்பதில் தவறில்லை என்கிறார். சட்டம் படிக்கும் என் மகனோ, யாரையும் வதைக்கக் கூடாது என்கிறான். தினமும் சாப்பாட்டு நேரத்தில் சண்டை. கணவர் கொடுமைக்காரர் அல்ல. ஒரே ஒரு முறை, எங்கள் வீட்டில் தங்கிப் படித்த, தகப்பன் இல்லாத என் தங்கை மகனைச் சங்கிலி காணாமல் போனபோது பின்கட்டு அறையில் வைத்து விசாரித்தார். நான் டி.வி. சத்தத்தைக் கூட்டிவைத்தேன். பாலக்காட்டில் ஒரு கடையில் விற்றதாக, கடையின் பெயரையும் சொல்லி, அவன் ஒப்புக்கொண்டான். பிறகு சங்கிலி அரிசிப் பானைக்குள் கிடைத்தது. இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், எங்களோடு பேசுவதில்லை. அது போகட்டும். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: எடுக்காத சங்கிலிக்கு ஒரு பையன் கடையின் பெயரைச் சொல்லியிருக்கிறான், அது எப்படி என்று உங்கள் வீட்டில் ஒருவருக்கும் யோசிக்கத் தோன்றவில்லையா? ‘எடுத்தேன்’ என்றவுடன் ‘எங்கே’ என்று அடுத்த அடி விழும் என்பதால், அதற்கும் ஒரு பதிலை அவன் உண்டாக்கிக்கொண்டான். அல்-காய்தா ஆள் என்று பிடிபட்டு, அமெரிக்காவால் எகிப்திடம் ஒப்படைக்கப்பட்டு வதைபட்ட இப்னு அல்-ஷேக் அல்-லிபியும் இதையேதான் செய்தார். அல்-காய்தாவுக்கு இராக் ரசாயன ஆயுதப் பயிற்சி அளித்ததாக அவர் சொன்னது, 2003 பிப்ரவரியில் ஐ.நா. பாதுகாப்பு அவையில் இராக் மீதான போருக்கான காரணங்களில் ஒன்றாக அமெரிக்காவால் வைக்கப்பட்டது. அடிக்குப் பயந்து சொன்னேன் என்று அவர் பின்வாங்கியபோது போர் தொடங்கி மாதங்கள் ஆகியிருந்தன. குண்டு வைத்தவனுக்கு வேலை இன்னும் சுலபம். குண்டு இல்லாத ஒரு தெருவின் பெயரைச் சொன்னால் போதும், போலீஸ் அங்கே ஓடும்.

போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலேயே வெள்ளைக்காரன் எழுதிவைத்தான். 2023-இல் வந்த புதிய சட்டமும் அதை மாற்றவில்லை. காக்கி போட்டிருந்த உங்கள் கணவர் இதை அறியாதவர் அல்லர்.

சரி, அந்தப் பையனே எடுத்திருந்தால்? அப்போதும் அது தவறுதான், அம்மா. குற்றம் செய்தவனைப் பிடிக்கலாம், கூண்டில் ஏற்றலாம், ஆயுள் முழுக்கச் சிறையில் வைக்கலாம். ஆனால் கதவைச் சாத்திவிட்டு, திருப்பி அடிக்க முடியாதவனை அடிப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது என்பது என் முடிவு, பயங்கரவாதியானாலும் அதில் நான் விலக்குத் தரமாட்டேன். 1976-இல் நக்சலைட் என்ற சந்தேகத்தில் பொறியியல் மாணவர் ராஜனைக் கேரளத்தின் கக்கயம் போலீஸ் முகாமுக்குக் கொண்டுபோனவர்களும் நாட்டைக் காப்பதாகத்தான் நினைத்திருப்பார்கள். உடல்மேல் உலக்கையை உருட்டும் ‘உருட்டல்’ என்ற வதை எப்படிப்பட்டது என்று உங்கள் கணவரைக் கேளுங்கள். அந்தப் பிள்ளையின் உடல்கூடக் கிடைக்கவில்லை. தகப்பனார் ஈச்சர வாரியர் ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றப் படியேறி, 1977-இல் முதலமைச்சர் கருணாகரன் பதவி விலகும் வரை கொண்டுபோனார். உங்கள் தங்கை மகனுக்கு அப்படிப் படியேறத் தகப்பன் இல்லை. அவனுக்கு இருந்தது பெரியப்பாவும் பெரியம்மாவும்தான். தங்கை பிள்ளை என்றால் நம் முறைப்படி உங்கள் பிள்ளை; ‘என் மகன்’ என்று ஒருவனை மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

அரிசிப் பானையில் சங்கிலி கிடைக்காமலே போயிருந்தால், இன்றைக்கும் அவன் உங்கள் வீட்டுத் திருடன்தானே?

இருவரும் திருப்பூருக்குப் போங்கள். பலகாரத்தையும் புதுச் சட்டையையும் தூக்கிக்கொண்டு போய்ச் சமாதானம் பேசாதீர்கள். செய்தது தவறு என்று உங்கள் கணவர் அவனிடமும் உங்கள் தங்கையிடமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்; அவன் திருடினான் என்று உறவுக்காரர்களில் யார் யாரிடம் சொன்னீர்களோ, அவர்களிடமும் சொல்ல வேண்டும். அவர் வர மறுத்தால் நீங்கள் தனியாகவே போய், டி.வி. சத்தத்தைக் கூட்டியது நான்தான் என்று சொல்லுங்கள். அது கூடியது அறைக்குள் அவனுக்குக் கேட்டிருக்கும்.