சார்லட் கல்லாவின் பதக்கக் கணக்கை எப்படிப் படிப்பது?

கேள்வி: எங்கள் கல்லூரி இதழின் விளையாட்டுச் சிறப்பிதழுக்காக, ஓய்வுபெற்ற சுவீடன் கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கு வீராங்கனை சார்லட் கல்லாவைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் 3 தங்கம் வென்றார் என்று ஓரிடத்திலும், 6 தங்கம் என்று வேறோரிடத்திலும் இருக்கிறது. உலகக் கோப்பையை ஒருமுறைகூட வென்றதில்லை என்றும் படித்தேன். அவர் எடுத்த நேரங்களை அட்டவணையாக்கி எந்த ஆண்டு உச்சத்தில் இருந்தார் என்று காட்டலாமா? "சுவீடனின் மிகச் சிறந்தவர்" என்று தலைப்பு வைக்கலாமா?

பதில்: முதலில் அந்த நேர அட்டவணையைக் கைவிட்டுவிடுங்கள். தடகளத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு, 10 கிலோமீட்டர் என்றால் எங்கு ஓடினாலும் 10 கிலோமீட்டர்தான் என்ற எண்ணம் இயல்பாகவே வருகிறது. இந்த விளையாட்டில் அது செல்லாது. கல்லாவின் கணக்கிலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. 2014இல் சோச்சி ஒலிம்பிக்கின் 15 கிலோமீட்டர் ஸ்கியத்லானில் (பாதித் தொலைவை ஒரு பாணியிலும் மறுபாதியை வேறு பாணியிலும் கடக்கும் போட்டி) அவர் வெள்ளிதான் வென்றார். நோர்வேயின் மாரிட் பியோர்கனைவிட 1.8 வினாடி பின்தங்கி, 38 நிமிடம் 35.4 வினாடியில் முடித்தார். 2018இல் பியோங்சாங்கில் அதே பெயருள்ள, அதே தொலைவுள்ள போட்டியில் அதே பியோர்கனை 7.8 வினாடி வித்தியாசத்தில் தோற்கடித்துத் தங்கம் வென்றார். அப்போது அவர் எடுத்த நேரம் 40 நிமிடம் 44.9 வினாடி. உங்கள் அட்டவணையின்படி பார்த்தால், நான்கு ஆண்டுகளில் அவர் 2 நிமிடத்துக்கும் மேல் மெதுவாகிப் போயிருக்கிறார். உண்மையில் அந்த நாளில் அவரை எவராலும் பிடிக்க முடியவில்லை. ஏற்ற இறக்கம், பனியின் ஈரம், காற்று, காலில் மாட்டும் சறுக்குப் பலகையின் அடியில் தேய்க்கப்பட்ட மெழுகு ஆகியவை ஒவ்வோர் இடத்திலும் மாறுகின்றன. ஸ்கியத்லானில் அனைவரும் ஒன்றாகக் கிளம்புவதால், கூட்டம் எந்த வேகத்தில் நகர்கிறதோ அதுவே நேரத்தைப் பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது.

பாணி வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். கிளாசிக் என்பது பனியில் வெட்டிய இரட்டைப் பள்ளத்தில் இரு பலகைகளையும் இணையாக வைத்து, நடையைப் போல முன்னும் பின்னுமாகச் செல்வது. ஃப்ரீஸ்டைல் என்பது பனித்தளத்தில் ஸ்கேட் செய்பவரைப் போலப் பலகையைப் பக்கவாட்டில் உதைத்துச் செல்வது. பின்னது தெளிவாகவே வேகமானது. 2010இல் வான்கூவரில் கல்லா தங்கம் வென்ற 10 கிலோமீட்டர் ஃப்ரீஸ்டைல், அவருக்கு 24 நிமிடம் 58.4 வினாடி, சோச்சியில் வெள்ளி வென்ற 10 கிலோமீட்டர் கிளாசிக்கோ 28 நிமிடத்தைத் தாண்டியது. சோச்சியில் அன்று வெயில் அடித்து, பனி ஈரமாக இளகிக் கிடந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனவே ஒரு முடிவை எழுதும்போது இடம், ஆண்டு, தொலைவு, பாணி ஆகியவற்றையும், தனித்தனியாகக் கிளம்பினார்களா ஒன்றாகக் கிளம்பினார்களா என்பதையும் சொல்லிவிட்டு, நேரத்துக்குப் பதிலாக அடுத்தவருக்கும் அவருக்கும் இருந்த இடைவெளியைக் கொடுங்கள். வினாடிக்குப் பின் ஒரே ஒரு தசம இலக்கம் ஏன் என்று உங்கள் வாசகர் கேட்டால், அதற்கும் ஒரு சுவீடன்காரரே காரணம்: 1980இல் லேக் பிளாசிட் ஒலிம்பிக்கின் 15 கிலோமீட்டரில் தாமஸ் வாஸ்பெர்க், ஃபின்லாந்தின் யூஹா மியெட்டோவை நூறில் ஒரு பங்கு வினாடியில் வென்றார். அத்தனை நீளமான போட்டியை அப்படியொரு நுண்ணிய அளவால் தீர்ப்பது நியாயமில்லை என்று கருதியே, பின்னர் பத்தில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இனி தங்கக் கணக்கு. நீங்கள் பார்த்த இரண்டு எண்களுமே சரி. ஒலிம்பிக் தங்கம் 3. உலக சாம்பியன்ஷிப் தங்கமும் 3. ஒலிம்பிக்கில் வான்கூவர் 10 கிலோமீட்டர், சோச்சி ரிலே, பியோங்சாங் ஸ்கியத்லான். உலக சாம்பியன்ஷிப்பில் 2011 ஒஸ்லோவில் ஈடா இங்கெமார்ஸ்டாட்டருடன் வென்ற டீம் ஸ்பிரின்ட் (இருவர் சேர்ந்து ஓடும் குறுந்தொலைவுப் போட்டி), 2015 ஃபாலுனில் 10 கிலோமீட்டர், 2019 சீஃபெல்டில் ரிலே. இரண்டையும் கூட்டி "6 தங்கம்" என்று எழுதுவது தவறல்ல என்றாலும், ஒலிம்பிக் நான்கு ஆண்டுக்கு ஒருமுறையும் உலக சாம்பியன்ஷிப் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் நடப்பவை என்பதால், பிரித்துக் காட்டுவதே நேர்மை. ஒலிம்பிக்கில் மட்டும் அவருக்கு 6 வெள்ளியும் உண்டு. ஆக மொத்தம் 9 பதக்கங்கள். அவற்றில் ஒன்றுகூட வெண்கலம் இல்லை. எனக்கு இந்த விவரம் எப்போதும் வியப்பளிப்பது: மேடை ஏறிய ஒலிம்பிக் போட்டி ஒவ்வொன்றிலும் முதலிடம் அல்லது இரண்டாமிடம்தான்.

இவற்றில் ஃபாலுன் வெற்றி தனியாக ஒரு பத்திக்குத் தகுதியுள்ளது. சொந்த நாட்டில், வீராங்கனைகள் அரை நிமிட இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராகக் கிளம்பிய அந்தப் போட்டியின் நடுவே பனி கொட்டியது. புதுப்பனி பலகையின் வேகத்தைக் குறைக்கும் என்பதால், தொடக்க வரிசை எண் முன்னதாக அமைந்தவர்களுக்கு அது சாதகமாயிற்று. பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட நோர்வே வீராங்கனைகள் எவருக்கும் பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் கல்லா, இரண்டாமிடம் பெற்ற அமெரிக்காவின் ஜெஸ்ஸி டிகின்ஸைவிட 40 வினாடிக்கும் மேல் முன்னால் முடித்தார். வானிலை கைகொடுத்த வெற்றி என்று யாராவது குறைத்துச் சொன்னால், அந்த இடைவெளியைக் காட்டுங்கள்.

உலகக் கோப்பை பற்றிய உங்கள் குழப்பம் பெயரால் வருவது. கிரிக்கெட்டிலோ கால்பந்திலோ உலகக் கோப்பை என்பது ஒரே தொடர். பனிச்சறுக்கில் அது நவம்பர் இறுதியில் தொடங்கி மார்ச் வரை ஊர் ஊராக நடக்கும் போட்டிகளின் வரிசை. ஒவ்வொரு போட்டியிலும் இடத்துக்கு ஏற்பப் புள்ளிகள் சேர்ந்து (கல்லாவின் காலத்தில் வென்றவருக்கு 100, இரண்டாமவருக்கு 80, மூன்றாமவருக்கு 60), பருவ முடிவில் அதிகம் சேர்த்தவருக்குக் கண்ணாடிக் கோளம் கிடைக்கும். கல்லா அந்தக் கோளத்தை வென்றதில்லை. ஆனால் அந்த வரிசையில் அடங்கிய போட்டிகளை வென்றிருக்கிறார். கோளம் கிடைக்காததற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம். ஸ்பிரின்ட்டிலும் நெடுந்தொலைவிலும் சேர்ந்து புள்ளி எடுப்பவருக்கே கோளம் எளிது, கல்லாவோ நெடுந்தொலைவுக்காரர். அடுத்து, அவருடைய மிகச் சிறந்த நாட்கள் ஒலிம்பிக்கிலும் உலக சாம்பியன்ஷிப்பிலும் அமைந்தன; அந்த வெற்றிகளுக்கு உலகக் கோப்பைப் புள்ளி கிடையாது. டூர் டி ஸ்கீ என்ற பல கட்டத் தொடரைப் பற்றியும் எழுதுவீர்கள் என்றால், கட்ட வெற்றியையும் ஒட்டுமொத்த வெற்றியையும் கலந்து எண்ணிவிடாதீர்கள். பல பட்டியல்களில் எண்ணிக்கை மாறுவது இதனால்தான். 2008 ஜனவரியில், 20 வயதில், அல்பே செர்மிஸ் என்ற சறுக்குமலையின் செங்குத்தான ஏற்றத்தில் ஃபின்லாந்தின் விர்ப்பி குய்டுனெனை முந்தி அவர் அந்தத் தொடரை ஒட்டுமொத்தமாக வென்றார். சுவீடன் மக்கள் அவர் பெயரை மனத்தில் பதித்துக்கொண்ட நாள் அதுதான்.

அவருடைய உச்சம் எது என்று என்னைக் கேட்டால், தனிநபர் தங்கம் எதையும் சொல்ல மாட்டேன். சோச்சி ரிலேயைச் சொல்வேன். நான்கு பேர், ஆளுக்கு 5 கிலோமீட்டர்; முதல் இருவர் கிளாசிக், பின் இருவர் ஃப்ரீஸ்டைல். இங்கெமார்ஸ்டாட்டர், எம்மா விக்கேன், அன்னா ஹாக் ஆகியோர் முடித்த பின் கடைசிச் சுற்றுக்குக் கல்லா கிளம்பியபோது, முன்னே சென்றவர்களுக்கும் அவருக்கும் 25 வினாடிக்கும் மேல் இடைவெளி இருந்தது. 5 கிலோமீட்டரில் அது மிகப் பெரிய தொலைவு. துரத்துபவர் தொடக்கத்திலேயே முழு வேகத்தையும் செலவழித்தால் முடிவில் கால் கனத்துவிடும், மெல்லச் சேர்ந்தாலோ நேரம் போதாது. கல்லா ஃபின்லாந்தையும் ஜெர்மனியையும் படிப்படியாக நெருங்கி, அரங்குக்குள் இருவரோடும் சேர்ந்து நுழைந்து, ஃபின்லாந்தை அரை வினாடியிலும் ஜெர்மனியை 0.9 வினாடியிலும் பின்தள்ளினார். ஸ்பிரின்ட் அவர் பலம் அல்ல என்று சற்று முன் எழுதினேன்; அப்படிப்பட்டவர், துரத்திக் களைத்த பிறகு, நேர்கோட்டு வேகத்தில் வென்ற போட்டி இது. எதிர்பார்க்கப்பட்ட நோர்வே ஐந்தாமிடத்துக்குப் போனது. 1960க்குப் பிறகு சுவீடன் பெண்கள் ரிலேயில் வென்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. பதக்கப் பட்டியலில் இது நால்வருக்கும் பொதுவான ஒரே ஒரு தங்கமாகத்தான் தெரியும். பட்டியலின் குறை அது.

தலைப்பைப் பொறுத்தவரை "மிகச் சிறந்தவர்" வேண்டாம். 9 ஒலிம்பிக் பதக்கங்களால் கல்லா சமன் செய்தது சுவீடன் வீரர் சிக்ஸ்டென் யெர்ன்பெரியின் எண்ணிக்கையை. யெர்ன்பெரி 1956 முதல் 1964 வரை மூன்று ஒலிம்பிக்குகளில் 4 தங்கம், 3 வெள்ளி, 2 வெண்கலம் வென்றவர். அவர் காலத்தில் ஆண்களுக்கு ஒலிம்பிக் ஒன்றுக்கு நான்கே போட்டிகள். பாணிப் பிரிவு கிடையாது. கல்லாவின் காலத்தில் பெண்களுக்கு ஆறு போட்டிகள். வாய்ப்பின் அளவு வேறாக இருக்கும்போது, சம எண்ணிக்கையைச் சமத் திறன் என்று எழுத இயலாது. மறுபுறம், கல்லா எதிர்கொண்ட நோர்வே அணியின் வலிமையையும் மறக்க இயலாது. பெண்களுக்குள் ஒப்பிட வேண்டுமானால் டோய்னி குஸ்டாஃப்சன் இருக்கிறார்: 1968இல் கிரெனோபிளில் 5, 10 கிலோமீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். அவருக்குப் பிறகு ஒரு சுவீடன் பெண் இந்த விளையாட்டில் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் வெல்ல 42 ஆண்டுகள் ஆயின, வென்றவர் கல்லா. தலைப்புக்கு இந்த 42 ஆண்டு இடைவெளி போதும் என்பது என் எண்ணம்.

இன்னும் இரண்டு சிறு குறிப்புகள். அவர் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பதக்கமின்றித் திரும்பி, அந்தப் பருவத்தோடு விடைபெற்றார். அடுத்த பருவத்திலிருந்து பெண்களுக்கும் ஆண்களுக்கும் தொலைவுகள் ஒன்றாக்கப்பட்டதால், ஸ்கியத்லான் 20 கிலோமீட்டராகவும் ரிலேச் சுற்று 7.5 கிலோமீட்டராகவும் மாறிவிட்டன. ஆகவே இன்றைய வீராங்கனைகளோடு ஒப்பிடும் வரி ஏதேனும் இருந்தால், தொலைவைச் சரிபார்த்து எழுதுங்கள். பெயரில் லகரம் அழுத்தமாக ஒலிப்பதால் "காலா" என்று நீட்டாமல் "கல்லா" என்றே அச்சிடுங்கள். கடையின் காசுப் பெட்டி நினைவுக்கு வந்து பிழை திருத்துபவர் சிரித்தால், அந்தப் பெட்டிக்குள் 9 ஒலிம்பிக் பதக்கங்கள் இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.